தெருவில் நின்ற வீடு

உதவி செய்வது கடினமா, உதவியைப் பெற்றுக்கொள்வது கடினமா? இப்படிக் கேட்டால் பலரும் தயங்காமல் முன்னையதையே சொல்வர். கொடுப்பவனுக்குச் செலவு உண்டு. பெறுபவனுக்கு வரவு மட்டுந்தானே என்பது அவர்கள் கணக்கு. நானும் பிரசங்க மேடையில் நின்று கொடுப்பதைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். பெறுவதைப் பற்றி ஒரு தடவையேனும் பேசியதாக நினைவில்லை. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கனடா நாட்டின் வட ஒன்ராறியோவில், வெடித்துக் கிழிந்த ஒரு ரயரின் முன்னால் நான்கு மணித்தியாலம் நின்றபோதுதான் அந்தக் கணக்குப் பிழை என்பது புரிந்தது.

சில்லின் மேல் ஒரு வீடு

எனது தமக்கையாரின் குடும்பம் ரொறன்ரோ நகரில் வாழ்கிறது. அத்தான் 1987ஆம் ஆண்டு அகதியாக அங்கே போய்ச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரவும் பகலும் தொழிற்சாலையில் வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, ஓய்வு பெற்றபின் தமக்கென ஒரேயொரு ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். பழைய ‘மோட்டர் ஹோம்’ ஒன்றை வாங்கினார்.

எம்மவரிற் பலர் இத்தகைய வாகனத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். ஒரு லொறியின் அளவானது. சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் அடுப்பு, பிரிஜ், சாப்பாட்டு மேசை, கட்டில்கள், குளிக்கும் அறை எல்லாம் உண்டு. காஸ் சிலிண்டரும் தண்ணீர்த் தாங்கியும் கழிவுநீர்த் தாங்கியும் கூடவே வரும். ஐந்தாறு தொன் எடையுள்ள இந்த வீட்டு வண்டியைக் காட்டி அத்தான் பெருமையோடு சொன்னார்: “சுவாமி, இனி நாங்கள் ஒருத்தற்றை வீட்டிலயும் தங்கத் தேவையில்லை. ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. எங்கட வீடு எங்களோட வரும்.”

அந்த வசனத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் ஒரு வாழ்க்கைச் சரித்திரமே இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

சுப்பீரியர் ஏரியைப் பார்க்கப் புறப்பட்டோம். ஏரி என்ற சொல் அதற்குப் போதாது. இலங்கைத் தீவின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். அந்த ஏரியின் பரப்பளவோ 82,100 சதுர கிலோமீற்றர். அதன் கரையோரப் பாறைகளைக் குடைந்து தெருப் போடுவது இலேசான காரியமாக இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டில்தான் வாவா என்னும் சிற்றூரின் பக்கத்தில் கடைசி இணைப்பு முடிந்து தெரு திறக்கப்பட்டது. இன்றும் அங்கே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம், சில இடங்களில் அதற்கு மேலும், காட்டுக்குள்ளால் ஓட வேண்டும். பல இடங்களில் கைத்தொலைபேசியும் வேலை செய்யாது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சூ செயின்ற் மேரி நகரில் காலைப் பூசை முடித்துக்கொண்டு வடக்கே போனோம். மொன்றியல் ஆற்றுப் பக்கத்தில் செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. அந்த ஏற்றத்தில் பழைய கார் ஒன்று முன்மூடி திறந்தபடி நின்றது. பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன் கையை உயர்த்தினான். அத்தான் வேகத்தைச் சற்றுக் குறைத்தார், பின்னர் கூட்டினார். “ஏற்றத்தில நிப்பாட்டினால் திருப்பி எடுக்கேலாது. பின்னால ஆரும் வருவினம்” என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

என்ன நடந்தது?

வாவாவைக் கடந்து அரைமணித்தியாலம் ஓடியிருப்போம். துவக்கு வெடித்தாற்போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து வண்டியின் அடியில் யாரோ பெரிய சுத்தியலால் அடிப்பது போன்ற பேரொலி. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அத்தான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்: பிறேக்கை மிதிக்கவில்லை. பாரமான வண்டியில் ரயர் வெடித்தவுடன் பதறிப் பிறேக்கை அழுத்தினால் வண்டி நிலைகுலைந்து திரும்பிவிடும். சுக்கானை இறுக்கிப் பிடித்து, வண்டியை நேரே ஓடவிட்டு, வேகம் தானாகக் குறைந்தபின் ஓரமாக நிறுத்தினார். இறங்கியவுடன் சிலிண்டரின் காஸை மூடினார்.

பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ரயர்கள். உள்ளே இருந்த ரயரில் காற்று மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. அது வெளியே தெரியவில்லை. இரண்டு ரயர்கள் சுமக்க வேண்டிய பாரத்தை வெளிரயர் ஒன்றே சுமந்து, சூடேறி வெடித்துவிட்டது. கிழிந்த ரப்பர் பட்டை சுழன்று அடித்ததில் மட்காட் நொருங்கி, கழிவுநீர்க் குழாயும் விளக்குக் கம்பிகளும் அறுந்து தொங்கின. மாற்று ரயர் வண்டியில் இருக்கவில்லை. இருந்த சிறிய ஜக்கினால் அந்தப் பாரத்தைத் தூக்கவும் முடியாது.

மருமகன் ரயரின் ஓரத்தில் இருந்த இலக்கத்தைத் தடவிப் பார்த்தான். அந்த இலக்கத்தின் கடைசி நான்கு எண்களில் முதலிரண்டும் வாரத்தையும், மற்ற இரண்டும் ஆண்டையும் குறிக்குமாம். அந்த ரயர்கள் செய்யப்பட்டுப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரயரின் வரிகள் தேயாமல் புதிது போலவே இருந்தன. ஆயினும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் முதுமை அடையும். ஆண்டில் பெரும்பகுதி வீட்டு முற்றத்தில் நிற்கும் இத்தகைய வண்டிகளின் ரயர்கள் தேய்ந்து அழிவதிலும் பார்க்க, வயதாகி அழிவதே அதிகம். “சித்திரையிலேயே மாத்தச் சொன்னனான் அப்பா” என்றான் மகன். “நீ சொன்னது ஒரு முறை. இப்ப சொல்லுறது பத்து முறை” என்றார் தகப்பன்.

வழியில் ஒரு விபத்து நேர்ந்தவுடன் குடும்பங்கள் முதலில் தேடுவது உதவியை அல்ல, குற்றவாளியை. நாங்களும் அரைமணித்தியாலத்தை அதிலேயே கழித்தோம். ரயர் அதனால் ஒட்டிக்கொள்ளவில்லை.

பின்னர் காத்திருந்தோம். வாகனங்கள் வந்தன, போயின. சில வேகத்தைக் குறைத்தன; பின்னர் கூட்டின. ஒவ்வொன்றும் கடக்கும்போது மருமகள் “கொஞ்சமும் இரக்கம் இல்லாத சனங்கள்” என்றாள். மூன்றாவது நான்காவது தடவை அவள் அப்படிச் சொன்னபோது, அதுவரை பேசாதிருந்த தமக்கையார் மெதுவாகச் சொன்னார்: “காலமை நாங்களும் இப்பிடித்தானே போனனாங்கள்.”

அதன்பின் ஒருவரும் எவரையும் ஏசவில்லை. எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போனவர்களில் முதல்வன் ஒரு குருவானவன். அந்த உவமையை நான் வாசித்தும் விளக்கியும் வந்த ஆண்டுகள் இருபதுக்கு மேல். அன்று காலை பூசை வைத்த கையோடு அந்த இளைஞனைக் கடந்து போனவனும் நானே. வண்டியை ஓட்டியவர் அத்தான்தான். ஆனால் “நிப்பாட்டுங்கோ” என்று சொல்ல எனக்கு வாய் இருந்ததே!

கிழவரும் காசும்

மாலை ஆறு மணியளவில், எதிர்த்திசையில் போன பழைய பிக்அப் ஒன்று சற்றுத் தூரம் போய்த் திரும்பி வந்தது. எழுபதைக் கடந்த ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். ரயரைப் பார்க்கவில்லை; எங்களைப் பார்த்து, “குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?” என்று கேட்டார். அதன் பின்னரே குனிந்து சில்லைப் பார்த்தார். அத்தானையும் மருமகனையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய், மூடியிருந்த கராஜின் சொந்தக்காரரை வீட்டிலிருந்து கூப்பிட்டார். அந்த அளவு ரயர் கையிருப்பில் இல்லை. மறுநாள் மதியம் சூ செயின்ற் மேரியிலிருந்து வரும் லொறியில்தான் கிடைக்கும். பெரிய லொறிகள் உரசிக்கொண்டு போகும் தெருவோரத்தில் இரவு படுப்பது ஆபத்து என்று சொல்லி, எங்கள் ஐந்து பேரையும் தமது வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய மனைவி சூப்பும் பாணும் தந்தார். மேல்மாடியில் படுக்கையும் விரித்தார். வீட்டைக் கூடவே கொண்டுபோனவர்கள் அன்றிரவு அந்நியர் வீட்டில் படுத்தோம்.

சாப்பிட்டு முடிந்ததும் அத்தான் முந்நூறு டொலரை மடித்து மேசையில் வைத்தார். கிழவர் அதை விரலால் திருப்பித் தள்ளினார். அத்தான் மீண்டும் வைத்தார். கிழவரின் முகம் சற்றுக் கறுத்தது. “இந்தத் தெருவில் பனிக்காலத்தில் குளிர் சுழியத்துக்குக் கீழே முப்பது பாகைக்கும் இறங்கும். நின்ற வண்டியைக் கண்டு நிறுத்தாமல் போனால் உள்ளே இருப்பவர் சாகலாம். ஆகவே இங்கே எல்லாரும் நிறுத்துவோம். என் மகனுக்கும் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் காசு வாங்கவில்லை” என்றார். அவ்வளவுதான். எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

அன்றிரவு அத்தானுக்கு நித்திரை வரவில்லை. வெளித்திண்ணையில் வந்து என் பக்கத்தில் இருந்தார். “சுவாமி, அந்தாள் காசை வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்” என்றார்.

ஏன் என்று கேட்டேன். கனடாவுக்கு வந்த முதல் மாரியில் ஒரு கோவிலின் நிலவறையில் பழைய குளிர்ச்சட்டைகளுக்காக வரிசையில் நின்றதைச் சொன்னார். சட்டையைத் தந்த பெண்மணி அன்பானவர்தான். சிரித்த முகத்தோடுதான் தந்தார். “ஆனால் சுவாமி, ஊரில எங்கட வீட்டு வாசலில மற்றவை வந்து நிண்டவை. நான் ஒருநாளும் ஒருத்தற்றை வாசலிலயும் நிண்டதில்லை. அண்டைக்கு நினைச்சன், இனி ஒரு நாளும் கை நீட்டுறேல்லை எண்டு.” வீட்டு வண்டி ஏன் வாங்கப்பட்டது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று.

உடனே தீர்க்க விரும்பும் மனம்

வாசகர்களே, இங்கேதான் எமது கேள்வி பிறக்கிறது. பெற்ற உதவிக்கு உடனே காசு வைப்பது நன்றியா? அல்லது நன்றி சொல்லாமல் தப்பும் வழியா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியற் பெருநூலில் இதே கேள்வியை எழுப்பினார். பெற்ற நன்மைக்குக் கைம்மாறு உடனடியாகச் செய்யப்பட வேண்டுமா என ஆராய்ந்த அவர், இரண்டைப் பிரித்துக் காட்டினார். இதயத்தின் கைம்மாறு உடனே நிகழ வேண்டும். கொடையின் கைம்மாறு ஏற்ற காலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவருக்கு முன்னரே உரோமை அறிஞர் செனேக்கா இதைக் கடுமையாகச் சொன்னார். திருப்பிக் கொடுக்க அளவுக்கு மிஞ்சி அவசரப்படுபவன், கடன்பட்டிருப்பதை விரும்பாதவன். கடன்பட்டிருப்பதை விரும்பாதவன் நன்றியுள்ளவன் ஆகமாட்டான் என்பது அவர் கருத்து. செமினறியில் இதைப் படித்தபோது அறிவுக் கூர்மை என்று வியந்ததோடு சரி. அந்தத் திண்ணையில்தான் அது மனித வேதனை ஒன்றின் பெயர் என்று கண்டேன்.

இதனால் காசு கொடுப்பதே தவறு என்று எவரும் எண்ண வேண்டாம். மறுநாள் கராஜ்காரர் பாரமான ஜக்கோடு வந்து, இரண்டு ரயர்களை மாற்றி, குழாயைக் கட்டி, தமது கூலியைக் கணக்கிட்டு வாங்கினார். அது நீதி. உழைத்தவனுக்குக் கூலி கொடாது “நன்றி ஐயா” என்று மட்டும் சொல்லிப் போவது களவுக்குச் சமம். ஆனால் கூலி வேறு, உபகாரம் வேறு. கூலி கொடுத்தவுடன் இருவருக்கும் இடையிலான தொடர்பு முடிகிறது. உபகாரத்தில் அது தொடங்குகிறது. உபகாரத்துக்குக் கூலி வைப்பவன், தொடங்கிய உறவை அந்த இடத்திலேயே முடித்து வைக்கிறான். கிழவரின் முகம் கறுத்த காரணம் இதுவே.

மேலும், அவர் சொன்னதை எண்ணிப் பாருங்கள். அவர் தம்மை வள்ளலாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் வாழ்வோர் எல்லாரும் சேர்ந்து கட்டிக் காக்கும் ஒரு வழக்கத்தைத்தான் சொன்னார். அது ஒரு பொதுப் பெட்டி போன்றது. நிறுத்துகிற ஒவ்வொருவனும் அதில் போடுகிறான். நின்றுபோன ஒவ்வொருவனும் அதிலிருந்து எடுக்கிறான். எடுத்தவனிடமே போட வேண்டும் என்ற நியதி அதில் இல்லை. எமது ஊர்களிலும் கிடுகு வேய்வதற்கும் வேலி அடைப்பதற்கும் அயலவர் முறை வைத்து வந்து கைகொடுத்த காலம் இருந்தது. வேய்ந்து முடிந்ததும் சோறு போட்டார்களேயன்றிச் சம்பளம் கணக்கிடவில்லை. கணக்கிட்டிருந்தால் அடுத்த ஆண்டு ஒருவரும் வந்திரார்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரெயின்பெக் 1960ஆம் ஆண்டு, சிறு லொறியின் மேல் கட்டிய வீட்டோடும் தமது நாயோடும் தம் நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஒறிகன் மாநிலத்தில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பாரம் மிகுந்த வண்டியின் ரயர் வெடித்தது. சேற்றில் கிடந்து அதை மாற்ற வேண்டியதாயிற்று. மற்றொரு ரயரும் வெடிக்கும் நிலையில் இருந்தது. பார்ப்பதற்கே பயங்கரமான தோற்றமுள்ள ஒரு பெற்றோல் செட் மனிதர், விடுமுறை நாளென்றும் பாராமல் அங்குமிங்கும் தொலைபேசியில் விசாரித்து அவருக்கு ரயர் தேடிக் கொடுத்தார் என்று அவர் எழுதினார். அந்தப் பயண நூல் 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அந்நூலில் உள்ளவை எல்லாம் எழுதியபடியே நடந்தனவா எனப் பிற்காலத்தில் ஐயுற்றோர் உண்டு. ஆயினும் முகத்தைப் பார்த்து அஞ்சிய ஒரு மனிதனின் நன்மையை மறவாது உலகறியச் சொன்னாரே, அதுவும் ஒரு கைம்மாறு.

முப்பது ஆண்டுக்குப் பின்

எமக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிக் கப்பலோட்டி கண்டார். மற்ற மீனவரையும் அழைத்து எல்லாரையும் கரை சேர்த்தார். அன்று அவர்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில், தப்பியவர்களிற் சிலர் அந்தக் கரைக்குத் திரும்பிப் போய் அம்முதியவரைக் கண்டு நன்றி கூறினர். முப்பது ஆண்டு தாமதமா? அல்ல. நனைந்த உடுப்போடு நின்ற அகதிகள் அன்று சொல்லக்கூடியதிலும் நிறைவான நன்றியை, பிள்ளைகளும் வாழ்வும் பெற்ற மனிதர்களாக அவர்களால் சொல்ல முடிந்தது. அக்குவினாஸ் கூறிய ஏற்ற காலம் அதுவே.

இதை நான் அத்தானுக்கு அன்றிரவு நினைவூட்டினேன். அவர் அந்தப் படகுகளில் வந்தவரல்லர். ஆனால் வந்தவர்களை அறிந்தவர். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அந்தச் சட்டை தந்த மனிசியின்ரை பேர் கூட நான் கேக்கேல்லை” என்றார்.

பெறுவதன் கடினம் இதில்தான் இருக்கிறது. கொடுப்பவன் உயர்ந்து நிற்கிறான். பெறுபவன் தன் குறையை மற்றவன் காண விடுகிறான். குறையைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் நாம் சுவரெழுப்புகிறோம், பணம் சேர்க்கிறோம், வீட்டையே சில்லில் ஏற்றிக்கொண்டு போகிறோம். உழைப்பும் சேமிப்பும் நல்லவையே. தன் பாரத்தைத் தானே சுமக்க விரும்புவதும் நல்லதே. ஆனால் ஒருவரும் எனக்குத் தேவையில்லை என்ற எண்ணம் நாளடைவில் ஒருவருக்கும் நான் தேவையில்லை என்ற எண்ணமாக மாறிவிடும். மொன்றியல் ஆற்று ஏற்றத்தில் நாங்கள் நிறுத்தாமல் போனதற்கும், மேசையில் முந்நூறு டொலர் வைத்ததற்கும் வேர் ஒன்றே. ஒருவருக்கும் கடன்படாதிருக்க விரும்பியவர்கள், ஒருவரையும் கடன்படுத்தவும் விரும்பவில்லை.

மறுநாட் காலை எழுந்தபோது அத்தானும் மருமகனும் பின்முற்றத்தில் நின்றார்கள். மாரிக்கென்று வெட்டிக் குவித்த விறகை இருவருமாகக் கொட்டிலுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிழவர் கோப்பியோடு வெளியே வந்து பார்த்தார், தடுக்கவில்லை. ஓர் அடுக்கு கோணலாக இருந்ததைக் காட்டித் திருத்தச் சொன்னார். அத்தான் சிரித்துக்கொண்டு திருத்தினார். புறப்படும்போது இருவரின் பெயரையும் கேட்டுத் தமது சிறிய கொப்பியில் எழுதிக்கொண்டார். காசைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

திரும்பி வரும் வழியில் ஓரமாக நின்ற ஒவ்வொரு வாகனத்துக்கும் அத்தான் வேகத்தைக் குறைத்தார். ஏரிக்கரையில் ஒரு கார் தனியே நின்றது. நிறுத்தி இறங்கிப் போனார். உள்ளே இருந்தவர், “ஒன்றுமில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றாராம். வெட்கத்தோடு திரும்பி வந்து ஏறினார். வண்டிக்குள் எல்லாரும் சிரித்தோம்.

மொன்றியல் ஆற்று ஏற்றத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. தெருவோரம் வெறுமையாகக் கிடந்தது. அந்த இளைஞனுக்கு யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியவர் நாங்களல்லர்.